கன்னத்தின் ஓரம்: லியொனார்டோவின் சோதனைகளைத் திரும்பச் செய்துபார்த்த ஐந்து மாதங்கள்

அம்மாவின் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைய மூன்று முறை முயன்று, மூன்று முறையும் ஒரே இடத்தில் தோற்றேன். மூக்கு, கண், நெற்றி ஆகியவற்றின் அளவுகள் ஓரளவு சரியாகவே அமைந்தன. ஆனால் கன்னம் முடிந்து பின்னணியின் இருள் தொடங்கும் இடம், முகத்தைக் கத்தரித்து எடுத்துப் பலகையில் ஒட்டியதைப் போலத் தெரிந்தது. அந்த ஓரத்தை உலர்ந்த தூரிகையால் தேய்த்து மங்கவைத்தேன். முகம் மென்மையாவதற்குப் பதிலாக, கன்னத்தில் சாம்பல் பூசியதைப் போன்ற அழுக்கு நிறம் வந்து சேர்ந்தது.

லியொனார்டோ டா வின்சியின் ஸ்ஃபுமாட்டோ முறையைத்தான் செய்துகொண்டிருப்பதாக அதுவரை நம்பியிருந்தேன். இத்தாலிய மொழியில் புகையைக் குறிக்கும் ஃபூமோ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஒளியும் நிழலும் கீற்றுகளோ அடையாளங்களோ இல்லாமல், புகையைப் போல ஒன்றோடொன்று கலந்திருக்க வேண்டும் என்று அவர் தம் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். அந்த வரியைத் தேடிப்போய், அவருடைய குறிப்புகளின் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து படித்தபோது, தூரிகையைப் பற்றிய பேச்சு மிகக் குறைவாகவும், கண், காற்று, நிழல், புகை, தண்ணீர்த் துளி ஆகியவற்றைப் பற்றிய பேச்சு பக்கம் பக்கமாகவும் இருப்பதைக் கண்டேன். ஆகவே பலகையைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, அவர் செய்ததாக எழுதியிருக்கும் சோதனைகளில் வீட்டில் செய்யக் கூடியவற்றை முதலில் செய்து பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

முதலில் எடுத்துக்கொண்டது புகைச் சோதனை. லெஸ்டர் கோடெக்ஸ் என்று இன்று அழைக்கப்படும் ஏட்டில், 1500-களின் முதல் பத்தாண்டில், வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வியை லியொனார்டோ எழுப்புகிறார். காய்ந்த விறகின் சிறிதளவு புகையில் வெயில் படச் செய்து, வெயில் படாத ஒரு கறுப்பு வெல்வெட் துணியை அதன் பின்னால் வைத்தால், கண்ணுக்கும் துணிக்கும் இடையிலுள்ள புகை அழகிய நீலமாகத் தெரியும் என்கிறார். வெல்வெட் இருந்த இடத்தில் வெள்ளைத் துணியை வைத்தால் அதே புகை சாம்பல் நிறமாகிவிடும்; புகை மிகுந்தாலும் குறைந்தாலும் நீலம் நன்றாக வராது என்று அளவையும் சேர்த்தே சொல்கிறார்.

ஒரு மீட்டர் கறுப்பு வெல்வெட் வாங்கினேன். கிழக்குப் பக்க சன்னலை அட்டையால் மூடி, இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஓர் இடைவெளி மட்டும் விட்டேன். முதல் நாள் சாம்பிராணியைப் பயன்படுத்தினேன். அதன் புகை தடித்து, எந்தப் பின்னணியிலும் வெள்ளையாகவே தெரிந்தது. இரண்டாம் நாள் ஒரு மண்சட்டியில் நான்கைந்து காய்ந்த விறகுச் சிராய்களை மட்டும் கனலவிட்டேன். சுவரில் பட்டுத் திரும்பிய வெயில் வெல்வெட்டின்மேல் விழுந்து, கறுப்பு வெளுத்துப்போனதால் அன்றும் சரியாக அமையவில்லை. மூன்றாம் நாள் வெல்வெட்டை ஒரு பெரிய அட்டைப்பெட்டியின் உள்ளே, நிழலின் ஆழத்தில் தொங்கவிட்ட பிறகே அது நடந்தது. சட்டியிலிருந்து எழுந்த மெல்லிய இழை ஒளிக்கீற்றைக் கடந்த இடத்தில், ஐயத்துக்கு இடமில்லாத நீலமாக நின்றது. வெல்வெட்டின் முன்னே ஒரு வெள்ளைக் காகிதத்தை நுழைத்தேன். நீலம் மறைந்து, புகை பழுப்புச் சாம்பலாகியது. காகிதத்தை எடுத்தேன், நீலம் திரும்பியது. இதை இருபது முறையாவது செய்திருப்பேன்.

புகைத்துகள்களில் நீலச் சாயம் ஏதுமில்லை. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள், குறுகிய அலைநீள ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கின்றன. இந்தச் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும் என்பதை இயற்பியலாளர் ரேலி 1871-இல் கணக்கிட்டுக் காட்டினார். 450 நானோமீட்டர் நீலத்தையும் 650 நானோமீட்டர் சிவப்பையும் ஒப்பிட்டால், நீலம் நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறுகிறது. இந்தக் கணக்குக்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர் லியொனார்டோ. ஆயினும், காற்றின் நீலம் அதன் சொந்த நிறமன்று, கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களில் ஒளி பட்டு, பின்னாலுள்ள இருளின்மீது அது தெரிவதால் உண்டாவது என்ற இடம்வரை அவர் வந்துவிட்டார்.

பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் கன்னத்தில் சேர்ந்த அழுக்கு நிறத்தின் காரணம் விளங்கியது. தோல் நிறத்துக்காக நான் கலந்ததில் பெரும்பகுதி டைட்டானியம் ஒயிட். அந்த வெளிர் வண்ணத்தை உலர்ந்த தூரிகையால் இருண்ட பின்னணியின்மேல் மெல்லியதாக இழுத்தபோது, கறுப்பு வெல்வெட்டின் முன்னே புகையை நிறுத்திய அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன். இருளின்மேல் மெல்லிதாகப் பரவிய வெள்ளைத் துகள்கள் நீலச் சாம்பல் நிறத்தைக் காட்டுகின்றன. தொலைவிலுள்ள மலைக்கு அது பொருந்தும். அருகில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் வெதுவெதுப்பான கன்னத்துக்குப் பொருந்தாது. கன்னத்துக்கு இதன் எதிர்வழியே வேண்டும். முதலில் வெளிச்சத்தை முழுதாக வரைந்து உலரவிட்டு, அதன்மேல் ஒளி ஊடுருவக்கூடிய இருண்ட படலங்களை ஏற்ற வேண்டும். அப்போது ஒளி கீழேயுள்ள வெளிர் வண்ணத்தில் பட்டு, இருண்ட படலத்தின் வழியே திரும்பி வருவதால் நிழலிலும் வெப்பம் தங்கும். மூன்று பலகைகளை வீணாக்கிய பிழைக்கு விடை புகையில் கிடைத்தது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது.

தொலைவைப் பற்றிய விதியைச் சோதிப்பதில் அதிக நாள் செலவிடவில்லை. ஒரு கட்டடத்தைவிட மற்றொன்று ஐந்து மடங்கு தொலைவில் இருப்பதாகக் காட்ட விரும்பினால், அதை ஐந்து மடங்கு நீலமாக்கு என்று லியொனார்டோ எழுதுகிறார். மொட்டை மாடியிலிருந்து தெரியும் மலைமடிப்புகளோடு, நான் கலந்துவைத்த நீல அட்டைத் துண்டுகளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட்டேன். காலை ஒன்பது மணிக்குப் பொருந்திய துண்டு, மழை பெய்து ஓய்ந்த மாலையில் பொருந்தவில்லை. ஆகவே ஐந்து மடங்கு என்பதை அளவாக எடுத்துக்கொள்ளாமல், திசைகாட்டியாகவே கொள்கிறேன். ஆனால் மலையின் அடிவாரம் உச்சியைவிட வெளிறித் தெரியும், ஏனெனில் தரையை ஒட்டிய காற்றே அடர்ந்தது என்ற அவருடைய கூற்று எல்லா நாள்களிலும் பொருந்தியது. நான் அதுவரை மலைகளை அடியில் இருட்டாகவே வரைந்துவந்தேன்.

எல்லாவற்றிலும் எளிய சோதனைதான் என்னை மிகுதியாக மாற்றியது. தொடக்கத்தில் லியொனார்டோ, பொருள்களின் உருவங்கள் கூம்பாகக் குவிந்து கண்ணில் ஒரு புள்ளியில் சேர்கின்றன என்றே கருதினார். அக்கால ஓவியர்கள் தொலைவைப் படத்தில் காட்டப் பயன்படுத்திய கணக்கு முழுவதும் அந்தக் கருத்தின்மேல்தான் நின்றது. 1508-ஐ ஒட்டி எழுதிய, இப்போது பாரிஸிலுள்ள, ‘டி’ என்ற எழுத்தால் குறிக்கப்படும் கையெழுத்து ஏட்டில், பார்வை ஒரு புள்ளியில் நிகழ்வதில்லை, கண்மணியின் பரப்பு முழுவதும் அதில் பங்குகொள்கிறது என்று வாதிடுகிறார். கண்மணியைவிடச் சிறிய ஒரு பொருளைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்தால், அது பின்னாலுள்ளதை மறைப்பதில்லை என்பது அவர் காட்டும் சான்று. ஒரு தையல் ஊசியைக் கண்ணிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில் நிறுத்தி, எதிர்ச் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தேன். ஊசி ஒரு மங்கிய நிழலாகக் கரைந்தது. அதன் பின்னாலிருந்த எண்கள் எல்லாவற்றையும் படிக்க முடிந்தது. கையை முழுதாக நீட்டிப் பிடித்தபோது ஊசிக்கு மீண்டும் ஓரம் வந்தது.

ஊசி ஒன்றேதான், ஓரம் மட்டும் தூரத்துக்கேற்ப வந்தும் போயும் கொண்டிருந்தது. பொருள்களைக் கோடுகளால் சுற்றி வளைக்காதே என்று ஓவியருக்கு அவர் சொல்வதை நான் அழகியல் அறிவுரையாகப் படித்திருந்தேன். அது தன் கண்ணைத் தானே சோதித்துப் பார்த்த ஒருவர் கொடுத்த அறிக்கை என்பது ஊசியைப் பிடித்த அன்றுதான் தெரிந்தது. முகத்தின் ஓரத்தை மங்கவைப்பது அலங்காரமன்று, நாம் உண்மையில் காண்பதை எழுதிவைப்பதே என்ற உறுதியோடு அதன்பின் தூரிகையை எடுத்தேன்.

நிழலின் ஓரத்தையும் அளந்து பார்த்தேன். ஓர் அட்டையின் நேரான விளிம்பைச் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தினேன். ஒரு மீட்டர் தொலைவிலிருந்து கைப்பேசியின் விளக்கைக் காட்டியபோது, முழு நிழலுக்கும் முழு ஒளிக்கும் இடைப்பட்ட பகுதி இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு மீட்டர் தொலைவிலுள்ள ஒரு மீட்டர் அகலச் சன்னலின் ஒளியில் பார்த்தபோது, அந்த இடைப்பகுதி ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் விரிந்தது. ஒளி வரும் பரப்பு அகன்றால் நிழலின் ஓரம் கரையும். 1490-ஐ ஒட்டித் தொடங்கிய சி கையெழுத்து ஏடு முழுவதும் இப்படிப்பட்ட ஒளி நிழல் வரைபடங்களால் நிறைந்திருக்கிறது.

இதிலிருந்து லியொனார்டோ தமக்கு வேண்டிய ஓர் இடத்தையே வடிவமைத்தார். முகம் வரைவதற்கு, சுவர்களுக்குக் கறுப்பு வண்ணம் பூசிய ஒரு முற்றம் வேண்டும். அகலம் 10, நீளம் 20, உயரம் 10 பிராச்சியோ (அக்கால இத்தாலிய நீள அளவு). வெயில் இருந்தால் மேலே துணி கட்ட வேண்டும் என்கிறார். ஃபுளோரன்ஸ் நகரத்துப் பிராச்சியோ ஏறத்தாழ 58 சென்டிமீட்டர் என்பதால், அந்த முற்றம் 6 மீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் கொண்டது. மாலை நேரத்திலும் மேகமூட்டமான நாள்களிலும் தெருவில் செல்லும் ஆண், பெண் முகங்களைக் கவனி, அவற்றில் எவ்வளவு இனிமை தெரிகிறது என்றும் எழுதுகிறார்.

எங்கள் வீட்டின் பின்கட்டு முற்றம் மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர்தான். சுவர்கள் சுண்ணாம்பு அடித்தவை. அம்மாவை அங்கே உட்காரவைத்துப் பார்த்தபோது, வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பிய ஒளி நிழல் விழ வேண்டிய கன்னத்தையும் வெளுக்கச் செய்து, முகத்தைத் தட்டையாக்கியது. இரண்டு பக்கமும் கறுப்புத் துணி கட்டினேன். மேலே கொடிக்கயிற்றில் இரண்டு வெள்ளை வேட்டிகளை விரித்தேன். மாலை ஐந்தரை மணிக்கு, மூக்கின் நிழல் எங்கே தொடங்குகிறது என்று என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஆனால் மூக்கு எவ்வளவு எடுப்பாக நிற்கிறது என்பதில் எந்த ஐயமும் இல்லை. உருவத்தின் எழுச்சியும் ஓரத்தின் மென்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அந்த ஒளியில் கண்ணால் கண்டேன்.

அடுத்தது எண்ணெய்.  லியொனார்டோ பயன்படுத்தியது அக்ரூட் எண்ணெய். பருப்பின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை நீக்காமல் எண்ணெய் எடுத்தால், அந்தத் தோலின் சாயம் எண்ணெயில் கலந்து, பின்னாளில் ஓவியத்தின் மேற்பரப்புக்கு வந்து நிறத்தை மாற்றிவிடும் என்று எச்சரிக்கிறார். அரைக் கிலோ பருப்பை வெந்நீரில் ஊறவைத்துத் தோலை உரித்தேன். இரண்டு மாலைகள் முழுதாக அதற்கே போயின. நன்றாக உலர்த்தி, இடித்து, துணியில் கட்டிப் பலகைகளுக்கிடையில் அழுத்தி எடுத்த எண்ணெய் ஏறத்தாழ 100 மில்லி. தோலோடு இடித்த சிறிதளவை வேறொரு புட்டியில் வைத்தேன். கசடு அடியில் படியட்டும் என்று இரண்டையும் மூன்று வாரம் சன்னலோரத்தில் வைத்ததில், தோலோடு எடுத்தது தேன் நிறத்திலும், உரித்து எடுத்தது வைக்கோலின் வெளிர் நிறத்திலும் நின்றன.

30-க்கு 40 சென்டிமீட்டர் பலகையில் முகத்தின் ஒளிப் பகுதிகளை வெளிர் வண்ணத்தில் முடித்து, மூன்று வாரம் உலரவிட்டேன். பிறகு பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு மண் நிறமிப் பொடியில் ஓர் அரிசியளவு எடுத்து, எண்ணெயைத் தாராளமாகச் சேர்த்து, கன்னத்தின் நிழற்பகுதியில் தூரிகையால் பூசினேன். ஆறாம் நாள் அந்த இடம் பாலாடையைப் போலச் சுருங்கியிருந்தது. எண்ணெய் ஈரம் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. படலம் தடிமனாக இருந்தால் மேற்பரப்பு முதலில் இறுகி விரிவடைய, அடியில் இன்னும் நெகிழ்ந்த எண்ணெய் இருப்பதால் மேல்தோல் மடிகிறது. 1470-களில் இளைஞராக லியொனார்டோ வரைந்து, இப்போது வாஷிங்டனில் இருக்கும் ஜினெவ்ரா தே பென்சியின் ஓவியத்திலும் இத்தகைய சுருக்கங்களைக் காணலாம். எண்ணெய் அவருக்கும் அப்போது புதியது.

சுருங்கிய படலத்தைச் சவரத்தகட்டால் படுக்கைவாட்டில் சுரண்டி, டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தேன். கீழேயிருந்த அடுக்கு முழுதாக இறுகியிருந்ததால் தப்பியது. கீழ்த்தாடையருகே ஒரு நகமளவு மட்டும் பெயர்ந்தது, அதை மீண்டும் பூசி ஒரு வாரம் காத்திருந்தேன்.

எவ்வளவு மெல்லியதாகப் பூச வேண்டும் என்பதற்கு ஓர் அளவு கிடைத்தது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்திலுள்ள லியொனார்டோவின் ஏழு ஓவியங்களை, மாதிரி எதையும் பெயர்க்காமல், எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முகங்களின் நிழலில் ஒவ்வொரு படலமும் சில மைக்ரோமீட்டர் அளவே இருக்கிறது; எல்லாம் சேர்ந்தும் 30 முதல் 40 மைக்ரோமீட்டரைத் தாண்டவில்லை. ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழப் பாதி. என் கன்ன நிழலின் பரப்பு 40 சதுர சென்டிமீட்டர். அதில் 0.1 கிராம் பூசினால், அடர்த்தியைத் தண்ணீரின் அடர்த்தியாகவே கொண்டாலும் 25 மைக்ரோமீட்டர் ஆகிவிடுகிறது. லியொனார்டோ பல படலங்களில் செய்ததன் பெரும்பகுதியை ஒரே பூச்சில் கொட்டிவிட்டேன் என்று பொருள். நகை நிறுக்கும் சிறு தராசை வாங்கி, கலவை இருந்த கண்ணாடித் துண்டைப் பூசுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்தேன். தூரிகையைக் கைவிட்டு, விரல் நுனியாலும் உள்ளங்கையின் அடிப்புறத்தாலும் தட்டித் தட்டிப் பரப்பியபோது 0.03 கிராம் வரை குறைக்க முடிந்தது. அதாவது 7 மைக்ரோமீட்டரை ஒட்டி. ஜினெவ்ராவின் ஓவியத்தில் அவருடைய கைரேகைப் பதிவுகளும் இருக்கின்றன. அவரும் கையால் வண்ணத்தைக் கலந்திருக்கிறார்.

அம்பர் படலங்கள் மூன்று, நான்கு நாள்களில் உலர்ந்தன. வெள்ளை கலந்த திருத்தங்களுக்கு ஒரு வாரத்துக்கும் மேலானது. அம்பர் மண்ணிலுள்ள மாங்கனீசு எண்ணெய் இறுகுவதை விரைவுபடுத்துகிறது என்பதே காரணம். மோனாலிசாவின் முகத்து நிழலிலும் மாங்கனீசு காணப்பட்டது. இப்படி ஒரு படலத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நாள்கணக்கில் காத்திருந்து பார்த்த பிறகு, மிலானில் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்துச் சுவரில் 1495 முதல் 1498 வரை வரைந்த ‘கடைசி விருந்து’ ஓவியத்தை அவர் ஏன் ஈரச் சுண்ணாம்பில் வரையவில்லை என்பதைப் புதிதாக உணர்ந்தேன். ஈரச்சுவர் அன்றன்றைக்கே வேலையை முடிக்கச் சொல்லும். நாளைக்கு வந்து மீண்டும் பார்த்து, ஒரு நிழலைக் கூட்டவோ குறைக்கவோ விடாது. உலர்ந்த சுவரில் வரைந்ததால் அவருக்கு வேண்டிய அவகாசம் கிடைத்தது. ஆனால் அந்த வண்ணம் அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கியது. 1978-இல் தொடங்கிய செப்பனிடும் பணி 1999-இல்தான் முடிந்தது.

இதுவரை கன்னத்தில் பதினொரு படலங்கள் ஏறியிருக்கின்றன. தடிமனைக் கூட்டினால் 80 மைக்ரோமீட்டர் அளவில், லியொனார்டோவினுடையதைப் போல இரு மடங்கு இருக்கும். ஆயினும் கன்னத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று இப்போது என்னாலேயே விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. சாம்பல் அழுக்கும் இல்லை. அவர் சொன்னபடி ஒரு தட்டைக் கண்ணாடியில் ஓவியத்தைத் திருப்பிப் பார்த்தபோது, இடது கண் இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்திருப்பது தெரிந்தது. ஐந்து மாதங்களாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒருமுறைகூடத் தென்படவில்லை. மேலிமையின் நிழலை ஒரு படலம் இறக்கி அதைச் சரிசெய்தேன்.

போன வாரம் அம்மா பலகையின் முன்னே நெடுநேரம் நின்று, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாய் ஓரத்துல மட்டும் யார்மேலயோ கோவமா இருக்கற மாதிரி தெரியுதுப்பா” என்றார். அவர் சொன்னது சரி. உதட்டின் மூலையில் கன்னத்தைப் போலவே படலங்களை ஏற்றிவிட்டேன். லியொனார்டோ 1508-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிணங்களை அறுத்து, உதடுகளை அசைக்கும் தசைகளைத் தனித்தனியாக வரைந்த தாள்கள் இங்கிலாந்தின் விண்ட்சர் அரண்மனையில் இருக்கின்றன. அவற்றின் அச்சுப்படத்தை அருகில் வைத்துக்கொண்டு, கண்ணாடியின் முன் என் வாயையே அசைத்துப் பார்த்தேன். வாயின் மூலை ஒரு குழியன்று. பல தசைகள் வந்து சேரும் ஒரு சிறு மேடு. அந்த மேட்டின் உச்சியில் ஒளி இருக்க வேண்டும், நிழல் அதற்கு வெளிப்புறத்தில் விழ வேண்டும். ஒரு பயறளவு இடத்தில் நான்கு படலங்களைச் சுரண்டி எடுத்து, வெளிர் அடித்தளம் தெரியும்படி விட்டிருக்கிறேன். வேட்டிகளைத் துவைத்து மடித்து வைத்தாயிற்று. வானம் மூடியிருக்கும் ஒரு மாலை வந்ததும் அம்மாவை மறுபடியும் முற்றத்தில் உட்காரவைத்து, அந்த மூலையை மட்டும் பார்க்கப் போகிறேன்.